ஆயுத உரிமையும் ரட்சணைக் கடனும்



ஆயுதம் தாங்குவதைப் பிரஜைகளின் அடிப்படை உரிமைகளுள் ஒன்றாக்க வேண்டுமா என்னும் பிரச்சினையை இவ்வாண்டுச் சொற்பொழிவுக்குப் பொருளாக நான் தெரிவித்தபோது, இது கடல் கடந்த அமெரிக்க தேசத்தாருடைய வழக்காயிற்றே, ஓசூரில் பேச இதில் என்ன இருக்கிறது என்று அன்பர் சிலர் கேட்டார்கள். அவர்கள் இந்த மண்டபத்தை விட்டுப் புறப்பட்டு, சிப்காட் ஆலைகளின் மதில்களையும் அவற்றின் வாயிலில் நிற்கும் காவற்காரர்களையும் கடந்து, தேன்கனிக்கோட்டைக்கு அப்பால் அஞ்செட்டி மலைப்பாதையில் சென்று பார்த்தால், அதே பிரச்சினை ராகிக் கொல்லையின் நடுவே பரணாகக் கட்டப்பட்டிருப்பதைக் காண்பார்கள். மழைக்காலம் கழிந்ததும் பன்னர்கட்டா வனத்திலிருந்து ஜவளகிரி, தளி வழியாகச் சானமாவு வரையிலும் யானைக் கூட்டங்கள் இறங்கிவரும் பிரதேசம் இது. காட்டுப்பன்றிக்கோ பருவம் என்று ஒன்றில்லை. அங்கேயுள்ள கிராமங்களில் உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகள் இருப்பதை ஜில்லா முழுவதும் அறியும். தாமாகக் கொண்டுவந்து ஒப்படைப்பவர்கள்மேல் வழக்கில்லை என்று வனத்துறையாரும் போலீசாரும் அவ்வப்போது ஊர் ஊராகச் சென்று சொல்வதும், அதை நம்பிச் சிலர் ஒப்படைப்பதும், நம்பாத சிலர் மோட்டு வளையில் மறைத்து வைப்பதும் இங்கே நடந்துவரும் காரியங்கள்.

அத்துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு அதன்மேல் மோகம் எதுவும் உண்டாகாது. நீண்ட இரும்புக் குழல் ஒன்றை உள்ளூர்த் தச்சன் செதுக்கிய கட்டையில் பொருத்திக் கம்பியால் இறுக்கியிருப்பார்கள். குழலின் வாய்வழியே கருமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ கந்தல் துணியையோ அடைத்து, கெட்டிக்கோலால் இடித்து, ஈய ரவைகளை இட்டு, மறுபடியும் அடைத்து, கடைசியாகக் குதிரையின் கீழே கேப்பு வைத்தால்தான் ஒரு வெடி தயாராகும்; மார்கழிப் பனியில் மருந்து நமத்துவிட்டால் அதுவும் ஆகாது. குழல் வெடித்தால் போவது சுட்டவனுடைய கைதான். இப்படிப்பட்ட ஒன்றை, பிடிபட்டால் குறைந்தது இரண்டாண்டுச் சிறை என்று 2019ஆம் ஆண்டு ஆயுதத் திருத்தச் சட்டம் விதித்திருப்பதையும் பொருட்படுத்தாமல், ஒரு குடியானவன் வீட்டில் வைத்துக்கொள்கிறான் என்றால், அவனை அந்நிலைக்குக் கொண்டுவந்த காரணம் யாது என்று விசாரிப்பது நம் கடமை. வேட்டைக்காகவும் இறைச்சி வியாபாரத்துக்காகவும் வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக நான் பரிந்து பேசப் போவதில்லை. நான் சொல்வது, ஆறு மாதப் பாட்டை ஓர் இரவில் பறிகொடுக்கிறவனைப் பற்றி.

இந்தப் பிரதேசத்தில் ஆயுதத்துக்கும் குடியானவனுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களின் வயல் வரப்புகளிலும் ஏரிக்கரைகளிலும் நிற்கும் நடுகற்களைப் பாருங்கள். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் சில வைக்கப்பட்டுள்ளன. கவர்ந்து செல்லப்பட்ட ஆநிரையை மீட்கப் போய் மாண்டவனும், ஊருக்குள் வந்த புலியோடு பொருது மாண்டவனும், கையில் வில்லோ வாளோ குறுங்கத்தியோ ஏந்தியபடி அக்கற்களில் நிற்கிறார்கள். அவர்களுள் பலர் பேரரசர்களின் படையாட்கள் அல்லர், ஊர்க்காரர்கள். அவர்கள் ஆயுதம் ஏந்தியது தங்களுக்குரிய சுதந்திரத்தை நிலைநாட்டுவதற்காக என்று சொல்வதைவிட, ஊரைக் காக்கும் கடமை அவர்கள்மேல் விழுந்திருந்ததால் என்று சொல்வதே பொருந்தும். அக்கடமையில் உயிர்விட்டவனுடைய குடும்பத்துக்கு உதிரப்பட்டி என்று நிலம் அளிக்கும் வழக்கமும் அக்காலத்தில் இருந்தது. காப்பவன் இறந்தால் அவனுடைய மக்களைக் காப்பது ஊரின் பொறுப்பு என்னும் இந்தப் பிரமாணத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். என் வாதத்தின் பெரும்பகுதி இதன்மேல்தான் நிற்கிறது.

அந்த ஏற்பாட்டை உடைத்தவர்கள் கிழக்கிந்தியக் கும்பினியார். 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையால் இப்பிரதேசத்தைச் சேர்ந்த பாராமகால் அவர்கள் வசமாயிற்று. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் சேர்ந்தது. பாஞ்சாலங்குறிச்சியும் சிவகங்கையும் அடக்கப்பட்ட பிறகு, 1801 டிசம்பர் 1ஆம் தேதி, சென்னை கவர்னராயிருந்த எட்வர்ட் கிளைவ் விடுத்த பிரகடனம் தென்னாட்டுப் பாளையங்களில் ஆயுதப் பிரயோகத்தையே ஒழிக்க முற்பட்டது. அதன்பின் 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சி கண்டு கலங்கிய அதிகாரிகள், லிட்டன் பிரபு வைசிராயாயிருந்த 1878ஆம் ஆண்டில், ஆயுதச் சட்டத்தை தேசம் முழுவதற்கும் இயற்றினார்கள். வெள்ளையருக்கு விலக்கு, இந்தியனுக்கு உரிமச்சீட்டு என்பது அதன் சாரம். அதே ஆண்டு டிசம்பர் 10ஆம் தேதிதான், இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள தொரப்பள்ளியில் ராஜாஜி பிறந்தார். ஆயுதம் பறிக்கப்பட்ட தேசத்தில் பிறந்த அந்தக் குழந்தை, வளர்ந்து மூப்பெய்தி, 1950ஆம் ஆண்டின் இறுதியில் மத்திய உள்துறை மந்திரியாகப் பொறுப்பேற்றபோது, அதே 1878ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையில் இருந்தது. சுதந்திர பாரதத்தின் புதிய சட்டம் 1959இல் நிறைவேறி 1962இல்தான் அமலுக்கு வந்தது. 

ஆயுதச் சட்டத்தின்மேல் நம் முன்னோர்களுக்கு இருந்த கோபம் சாமானியமானதன்று. 1887ஆம் ஆண்டு சென்னையில் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபையில், இளைஞராயிருந்த விபின் சந்திர பாலர் எழுந்து அச்சட்டத்தை அகற்ற வேண்டுமென்று முழங்கினார். அகிம்சையையே தமது விரதமாகக் கொண்ட காந்தியடிகள்கூட, ஒரு தேசத்தார் முழுவதையும் நிராயுதபாணிகளாக்கிய அச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் தீச்செயல்களுள் மிகக் கரியதாக மதித்தார். 1930ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் வெளியிட்ட பதினோரு கோரிக்கைகளில் தற்காப்புக்கான துப்பாக்கி உரிமங்களும் ஒன்று. மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டு அவை வழங்கப்பட வேண்டும் என்று அவர் சேர்த்துச் சொன்னதை, அவரை மேற்கோள் காட்டுவோர் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். 1928ஆம் ஆண்டு மோதிலால் நேரு அறிக்கையிலும், 1931ஆம் ஆண்டுக் கராச்சித் தீர்மானத்திலும், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பது ஒவ்வொரு பிரஜைக்கும் உரிமை என்று எழுதப்பட்டிருந்தது.

எனவே, 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச். வி. காமத் அவர்கள் எழுந்து, இவ்வுரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்க வேண்டுமென்று திருத்தம் கொண்டுவந்தபோது, அவர் புதிதாக ஒன்றையும் கேட்கவில்லை. காங்கிரஸ் தானே கொடுத்த வாக்கை நினைவூட்டினார். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. அடிப்படை உரிமையென்று எழுதிவிட்டால் எத்தகைய குற்றவாளியும் அதைத் தன் உரிமையாகக் கோர இடமேற்படும் என்பது அவருடைய ஆட்சேபம். திருத்தம் வீழ்ந்தது, இன்றைய 19ஆம் ஷரத்து, அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூடுவதற்கு மட்டுமே உரிமை தருகிறது. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் 1993ஆம் ஆண்டு ஒரு தீர்ப்பு, உயிர்வாழும் உரிமைக்குள்ளேயே ஆயுத உரிமையும் அடங்கும் என்று சொல்லிப் பார்த்தது. அதே நீதிமன்றத்தின் முழு அமர்வு பின்னர் அதை மாற்றியது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும், அமெரிக்காவில் இருப்பதைப் போன்ற ஆயுத உரிமை நம் அரசியல் சட்டத்தில் இல்லை என்று குறிப்பிட்டது.

அம்பேத்கருடைய முடிவு சரியானது என்பதே என் அபிப்பிராயம். ஆயினும் அவர் கூறிய காரணத்தைவிட அழுத்தமான காரணம் ஒன்று இந்த ஜில்லாவின் சரித்திரத்திலேயே இருக்கிறது என்று நான் கருதுகிறேன். ஆயுத உரிமை வேண்டுவோர் கூறும் காரணங்களுள் மிக உயர்ந்தது, அரசாங்கமே கொடுங்கோலாக மாறும்போது பிரஜை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டாமா என்பது. 1791ஆம் ஆண்டு அமெரிக்கர் தம் அரசியல் சட்டத்தில் இரண்டாம் திருத்தத்தைச் செய்ததற்கும் அந்த அச்சம் ஒரு காரணம். அந்த அச்சம் வீண் என்று சொல்ல நம்மால் முடியாது. ஏனெனில் நம்மிடையே வாச்சாத்தி இருக்கிறது.

2004ஆம் ஆண்டு கிருஷ்ணகிரி தனி ஜில்லாவாகப் பிரியும் வரையில் நாமும் அரூர்ப் பக்கத்து வாச்சாத்தியும் ஒரே தருமபுரி ஜில்லா. 1992 ஜூன் 20ஆம் தேதி, சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி, வனத்துறையாரும் போலீசாரும் வருவாய்த்துறையாருமாக அந்தப் பழங்குடி மக்களின் கிராமத்துக்குள் புகுந்தவர்கள், வீடுகளைச் சிதைத்தார்கள், மக்களை அடித்தார்கள், பதினெட்டுப் பெண்களை ஏரிப்பக்கம் கொண்டுபோய்ப் பாழ்படுத்தினார்கள். சர்க்காரின் அதிகாரத்தைத் தாங்கிய 269 பேர் பிற்பாடு குற்றவாளிக் கூண்டில் ஏறினார்கள். ஆயுத உரிமை வேண்டுவோர் இவ்விடத்தில் என்னை நிறுத்தி, அன்று அம்மக்களிடம் துப்பாக்கி இருந்திருந்தால் இது நடந்திருக்குமா என்று கேட்கட்டும். நான் அஞ்சாமல் சொல்வேன்: இதனினும் கொடியது நடந்திருக்கும். அது சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனுடைய காலம். ஒரே ஒரு நாட்டுத் துப்பாக்கி அவ்வூரிலிருந்து வெடித்திருந்தால், அந்த ஊர் முழுவதும் வீரப்பனுடைய கூட்டமென்று எழுதப்பட்டு, அங்கே விழுந்த பிணங்கள் மோதலில் மாண்டவர்களாகக் கணக்கில் ஏறியிருக்கும், விசாரணைக்கும் இடமிருந்திராது. அந்தப் பெண்களோ நிராயுதபாணிகளாக நின்று சாட்சி சொன்னார்கள். பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சித் தோழர்களும் அவர்களோடு நின்றார்கள். உயர்நீதிமன்ற உத்தரவால் சி.பி.ஐ. விசாரித்தது. 2011 செப்டம்பர் 29ஆம் தேதி தருமபுரி நீதிமன்றம், இடையில் இறந்துபோன 54 பேர் நீங்கலாக மீதியிருந்த 215 பேரையும் குற்றவாளிகளென்று தீர்த்தது. 2023ஆம் ஆண்டு, நீதிபதி தாமே அந்தக் கிராமத்துக்குச் சென்று பார்த்துவிட்டு வந்து, அதே செப்டம்பர் 29ஆம் தேதி, மேல்முறையீடுகளைத் தள்ளினார். முப்பத்தொரு வருஷம் என்பது நியாயத்துக்குக் கொடிய தாமதம். அதை நான் சிறிதும் மழுப்ப விரும்பவில்லை. எனினும் சர்க்காரின் அக்கிரமத்தை அந்தச் சர்க்காரின் நீதிமன்றத்திலேயே வென்ற பெண்களின் கையில் இருந்தது சாட்சியம் ஒன்றுதான் என்பதை, துப்பாக்கியைச் சுதந்திரத்தின் காவலாகக் கருதும் எவரும் ஆழ்ந்து சிந்திக்க வேண்டும்.

மற்றொன்றையும் சொல்லவேண்டும். உரிமை எல்லோருக்கும் என்று எழுதினாலும், துப்பாக்கி விலைக்கு வாங்கும் பொருள். நம் கிராமங்களில் நிலமும் பணமும் ஜாதி பலமும் யாரிடம் இருக்கின்றனவோ அவர்கள் வீட்டுக்குத்தான் அது முதலில் போய்ச் சேரும். 2012 நவம்பர் 7ஆம் தேதி தருமபுரிக்கு அருகே நத்தம் காலனியில் ஜாதி வன்முறையில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. நெருப்பைக் கொண்டே அவ்வளவு செய்தவர்களிடம் அன்று உரிமத்துக்கு உட்பட்ட துப்பாக்கிகளும் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று எண்ணவே மனம் நடுங்குகிறது.

கள்வர் பயம் இருக்கிறதே என்பார்கள். தொழில் நகரமாகிய ஓசூருக்கு அந்தப் பயம் உண்டு. 2021 ஜனவரி 22ஆம் தேதி பகலில், பாகலூர் சாலையிலுள்ள நகைக்கடன் நிறுவனமொன்றில் முகமூடி அணிந்த கூட்டம் கைத்துப்பாக்கிகளுடன் புகுந்து சுமார் 25 கிலோ நகைகளைக் கொண்டுபோயிற்று. மறுநாளே ஐதராபாத் அருகே பிடிபட்டார்கள். பிடித்துக் கொடுத்தது நகைகளோடு இருந்த ஜி.பி.எஸ். கருவியும், சுங்கச்சாவடிகளின் கண்காணிப்பும், பல மாநிலத்துப் போலீசாரின் ஒத்துழைப்பும். அன்று அவ்விடத்தில் ஊழியர்களும் வாடிக்கையாளர்களும் எதிர்த்துச் சுட்டிருந்தால் நகைக்குப் பதில் உயிர் போயிருக்கும். இதற்குமேல் இதில் விவாதிக்க ஒன்றுமில்லை.

குடகு நாட்டைச் சான்று காட்டுவோரும் உண்டு. கர்நாடகம் நமக்கு அயலாகையால் அதைக் குறிப்பிடாமல் விடலாகாது. ஆங்கிலேய அதிகாரி மார்க் கப்பன் 1861ஆம் ஆண்டில் குடகருக்கு அளித்த ஆயுத உரிம விலக்கு இன்றளவும் ஏதோ ஒரு வடிவில் தொடர்கிறது. கர்நாடக உயர்நீதிமன்றம் 2021இல் அதை உறுதி செய்தது. அங்கே கைல்போல்து விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகிறார்கள். அதை இறக்குவதற்கும் எடுப்பதற்கும் வீட்டுப் பெரியவர்களின் கட்டுப்பாடு இருக்கிறது. அவர்களுடைய ஒழுக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் குலத்தையும் நிலத்தையும் பார்த்துக் கொடுத்த சலுகை அது. அதிலிருந்து எல்லாப் பிரஜைகளுக்குமான உரிமையைத் தருவிக்க முடியாது. அமெரிக்காவின் பாதை வேறு. விசேஷ காரணம் காட்டினாலன்றி வெளியே கைத்துப்பாக்கி கொண்டுசெல்ல உரிமம் இல்லை என்று நூறாண்டுக்கு மேலாக நியூயார்க் மாநிலம் நடத்திவந்த சட்டத்தை, அங்குள்ள உச்ச நீதிமன்றம் 2022இல் செல்லாதென்றது. உரிமை என்று எழுதிவிட்டால் ஏன் தேவை என்று கேட்கும் அதிகாரமே சர்க்காரிடமிருந்து போய்விடுகிறது. பொதுத் தேர்தல் வந்தால் உரிமம் பெற்றவர்களுள் பலருங்கூடத் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு வாக்களிக்கப் போகும் நம் ஏற்பாட்டை அங்கே நினைத்தும் பார்க்க முடியாது. எனக்கோ அது நம் ஜனநாயகத்தின் கண்ணியமான வழக்கங்களுள் ஒன்றாகத் தோன்றுகிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு, அஞ்செட்டிப் பரணில் உட்கார்ந்திருப்பவன் என்னைப் பார்த்து, ஐயா, உரிமையில்லை என்று சொல்லிவிட்டீர்கள், இன்று ராத்திரி நான் என்ன செய்வது என்று கேட்பான். அக்கேள்விக்கு விடை சொல்லாமல் இந்தச் சபையை விட்டு இறங்க எனக்கு நியாயமில்லை. துப்பாக்கியில்லாத குடியானவன் சும்மா இருந்துவிடுவதில்லை. பழத்திலோ தீனியிலோ பொதிந்த அவுட்டுக்காயை வைக்கிறான். பன்றிக்கு வைத்தது யானையின் வாயில் வெடிக்கிறது. வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறான். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளிக்கு அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று பெண் யானைகள் மாண்டுபோக, இரண்டு குட்டிகள் தாய்களின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்ததை நாடே பார்த்தது. வேலி போட்டவன் சிறைக்குப் போனான். அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும்.

1959ஆம் ஆண்டுச் சட்டம் இவனை அறவே மறந்துவிடவில்லை. பயிர்க் காவலுக்காக உண்மையாகக் கேட்கும் பிரஜைக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்க வேண்டுமென்று அதன் 13ஆம் பிரிவு சொல்கிறது; மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டுமென்று 14ஆம் பிரிவு சொல்கிறது. யானையைச் சுடுவதற்கு எவருக்கும் இடமில்லை, இருக்கவும் கூடாது. காட்டுப்பன்றி விஷயத்தில், காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வருபவற்றை வனத்துறையாரே சுடுவார்கள் என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. ஒரு கிலோமீட்டருக்குள் சுடுவதில்லை, இடைப்பட்டதில் பிடித்துக் கொண்டுபோய் விடுவது. துப்பாக்கி குடியானவன் கையில் இராமல் பொறுப்புள்ள துறையின் கையில் இருப்பதை நான் ஆதரிக்கிறேன். அப்படியானால், நடுகல் காலத்தில் ஊர் ஏற்றிருந்த பொறுப்பு முழுவதும் இப்போது சர்க்காருக்கு வந்துவிட்டது. பிரஜையிடமிருந்து ஆயுதத்தை வாங்கி வைத்துக்கொண்ட ராஜ்யம் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறது. அக்கடனை அவன் கெஞ்சிப் பெறும் நிலைமை மாறி, சட்டத்தைக் காட்டிக் கேட்டுப் பெறும் நிலைமை வரவேண்டும். ஆயுத உரிமைக்குப் பதிலாக நான் கோருவது இந்த ரட்சண உரிமையை.

இதற்கு அரசியல் சட்டத்தைத் திருத்தும் வரையில் காத்திருக்க வேண்டியதில்லை. கலெக்டர் அலுவலகத்தில் ஒரு குடியானவனுடைய துப்பாக்கி உரிம மனு நிராகரிக்கப்படும்போது, பொதுஜன க்ஷேமத்தை முன்னிட்டு மறுக்கப்படுகிறது என்று ஒரே வரியில் முடித்துவிடாமல், அந்த உத்தரவின் கீழேயே ஆறு விஷயங்களை எழுதிக் கொடுக்கட்டும்: அவனுடைய கொல்லைக்கு இரவில் பொறுப்பான வனக்காவலர் குழு எது, அழைத்தால் எத்தனை நேரத்துக்குள் வரும், அகழியோ சூரியமின் வேலியோ அவ்வெல்லையில் எப்போது அமைக்கப்படும், பழுதானால் பார்ப்பவர் யார், பயிர் அழிந்தால் மதிப்பிட வருபவர் யார், பணம் எத்தனை நாளில் அவன் கணக்கில் சேரும். எழுதியபடி நடக்காவிட்டால் அந்த உத்தரவையே கையில் வைத்துக்கொண்டு அவன் மேல்முறையீடு செய்ய இடமிருக்க வேண்டும். நாட்டுத் துப்பாக்கியைத் தானாக ஒப்படைக்கும் ஒவ்வொருவனுக்கும், வழக்கில்லை என்னும் வாய்மொழியோடு, இதே உறுதிமொழிப் பத்திரமும் கொடுக்கப்பட வேண்டும். தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி இரண்டு தாலுகாக்களில் மட்டுமாவது, ராகிக் கதிர் முற்றி யானைகள் இறங்கிவருமுன், வருகிற பருவத்திலேயே இதைத் தொடங்கும்படி ஜில்லா நிர்வாகத்துக்கு ஒரு விண்ணப்பத்தை இன்றிரவே எழுதி, இச்சபையில் இருக்கும் பெரியோர்கள் கையொப்பமிட்டு அனுப்ப வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.